விழித்திருக்கும் நோயாளிக்கு மூளை அறுவை: தமிழில் மொழிப் பரிசோதனையை எப்படி அமைப்பது?

சொல்லாடி_எஸ்எல்பி — கேள்வி

வணக்கம். அடுத்த வாரம் நடக்கவிருக்கும் ஒரு அவேக் கிரேனியாட்டமியில் (நோயாளி விழித்திருக்க, மண்டையோட்டைத் திறந்து செய்யும் அறுவை) மொழிப் பரிசோதனையை நடத்தும் பொறுப்பு, பேச்சு, மொழிச் சிகிச்சையாளரான எனக்கு வந்திருக்கிறது. இடது முன்மடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இன்சுலா (மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் பகுதி) வரை பரவிய லோ கிரேட் கிளையோமா, அதாவது மெதுவாக வளரும் மூளைக்கட்டி. நோயாளி வலது கைப்பழக்கம் உள்ளவர். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம், இரண்டையும் சரளமாக வாசிப்பார். வலிப்பு வந்துதான் கட்டி தெரியவந்தது. சாதாரணமாகப் பேசிப் பார்த்தால் குறை எதுவும் தெரியவில்லை.

சர்ஜன் என்னிடம் கேட்டிருப்பது இரண்டுதான்: ஒன்றிலிருந்து எண்ணச் சொல்வது, படத்துக்குப் பெயர் சொல்லச் சொல்வது. கிடைக்கிற பட வரிசைகளெல்லாம் வெளிநாட்டில் தயாரானவை. எத்தனை படம் வேண்டும், எப்படித் தேர்ந்தெடுப்பது? மின்தூண்டல் (மூளையின் ஓர் இடத்தில் சிறு மின்னோட்டம் கொடுத்து, பேச்சில் பிழை வருகிறதா என்று பார்ப்பது) கொடுக்கும்போது படத்தை எப்போது காட்டுவது? பிழை வந்தால் சர்ஜனிடம் என்ன சொல்ல வேண்டும்? தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சோதிக்க நேரம் இருக்குமா? எஃப்எம்ஆர்ஐ (மூளையின் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேன்) எடுத்திருக்கிறார்கள், அதில் மொழிப் பகுதி கட்டிக்குச் சற்றுப் பின்னால் தெரிகிறது. அதை எவ்வளவு நம்பலாம்?

பெயர்ச்சொல் — பதில்

படங்களிலிருந்து தொடங்குகிறேன். தியேட்டரில் வரும் சந்தேகங்களில் பாதி, முன்கூட்டியே சரியாக வடிகட்டாத படங்களால் வருபவை.

120 முதல் 150 படங்களுடன் ஆரம்பியுங்கள். வெள்ளைப் பின்னணியில் ஒரு படத்துக்கு ஒரே பொருள். அறுவைக்கு முன் குறைந்தது இரண்டு வெவ்வேறு நாட்களில் முழு வரிசையையும் நோயாளிக்குக் காட்டுங்கள். இரண்டு முறையும் தயங்காமல், இரண்டு மூன்று விநாடிக்குள், ஒரே பெயரைச் சொன்ன படங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'ம்ம்...' என்று இழுத்தது, திருத்திச் சொன்னது எல்லாவற்றையும் தூக்கிவிடுங்கள். 80 படம் தேறினால் போதும். தேறிய படத்தில் தியேட்டரில் பிழை வந்தால்தான் அதை மின்னோட்டத்தின் மேல் சுமத்த முடியும்.

அவர் சொல்லும் பெயரையே விடைத்தாளில் எழுதுங்கள். ஒரே படத்துக்கு ஒருவர் துடைப்பம் என்பார், இன்னொருவர் விளக்குமாறு என்பார், தெற்கே வாரியல் என்பார்கள். சேர் என்றாலும் நாற்காலி என்றாலும் சரிதான். ஆனால் அவர் இரண்டு நாளும் எதைச் சொன்னார் என்பது தாளில் இருக்க வேண்டும். வெளிநாட்டு வரிசையில் வரும் பீவர், இக்லூ, ஏகோர்ன் போன்றவற்றை அப்படியே நீக்கிவிட்டு அம்மிக்கல், மாட்டுவண்டி, குத்துவிளக்கு என்று அவருக்குப் பழக்கமானதைச் சேருங்கள்.

பூ, கை, நாய் என்று எல்லாமே குட்டிச் சொற்களாக இருக்க வேண்டாம். ஒலி இடம்மாறும் பிழை நீளமான சொற்களில்தான் முதலில் தலைகாட்டும். கத்தரிக்கோல், வண்ணத்துப்பூச்சி, முருங்கைக்காய், குத்துச்சண்டை மாதிரி மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். இன்னொன்று: அவர் இயல்பாக வாழைப்பழத்தை எப்படி உச்சரிக்கிறார் என்று பதிவு செய்துகொள்ளுங்கள். வாளப்பளம் என்றோ வாயப்பயம் என்றோ சொல்கிறவர் தியேட்டரிலும் அப்படித்தான் சொல்வார். பழைய பதிவு கையில் இல்லாவிட்டால் அதைக் குழறல் என்று குறித்துவிடுவீர்கள்.

பெயரை மட்டும் சொல்ல வைக்காதீர்கள். 'இது யானை', 'இது குடை' என்று முன்சொல்லோடு சொல்லப் பழக்குங்கள். 'இது' வந்து, பெயர் மட்டும் வராவிட்டால் சொல் மீட்பில் தடை. 'இது'வே வராவிட்டால் பேச்சே நின்றுவிட்டது. இரண்டும் வேறு வேறு இடத்தைக் காட்டும் பிழைகள். முன்சொல் இல்லாவிட்டால் இரண்டுக்கும் மௌனம் ஒன்றுதான் பதில்.

எண்ணுவதும் பெயர் சொல்வதும் மட்டும் போதாது என்பது என் கருத்து. முன்மடல் கட்டிக்கு வினைச்சொல் சோதனையும் வையுங்கள்: ஒருவர் எழுதும் படம், ஒரு பெண் தண்ணீர் ஊற்றும் படம். 'என்ன பண்றாங்க?' என்று பேச்சுத் தமிழிலேயே கேளுங்கள், பதிலும் பேச்சுத் தமிழிலேயே வரட்டும். நம் வினைமுற்றில் காலமும் ஆளும் சேர்ந்தே வருவதால், 'ஊத்து...' என்று வேர் மட்டும் வந்து விகுதி வராமல் நிற்பதும், ஆண்பால் பெண்பால் மாறுவதும் தனியாகக் குறிக்க வேண்டிய பிழைகள். இன்சுலாவுக்குக் கீழே போகும்போது பொருள் தொடர்புச் சோதனை வேண்டும்: மேலே பூட்டு, கீழே சாவியும் கரண்டியும், எது சேரும் என்று கேட்பது.

இனி நேரம். ஒரு ஸ்லைடு 4 விநாடி. ஸ்லைடு மாறும்போது மெல்லிய ஒலி வரும்படி அமையுங்கள்; அது சர்ஜனுக்காக. சர்ஜன் முனையை வைத்து மின்னோட்டம் தொடங்கியவுடன் படம் வர வேண்டும், நோயாளி பெயரைச் சொல்லி முடிக்கும்வரை அல்லது 4 விநாடி வரை மின்னோட்டம் தொடரும். நோயாளிக்கு எப்போது தூண்டல் நடக்கிறது என்று தெரியக் கூடாது. தூண்டல் உள்ள இரண்டு படங்களுக்கு இடையில் தூண்டல் இல்லாத ஒரு படமாவது இருக்கட்டும். அதற்குச் சரியான பதில் வந்தால்தான் அடுத்த இடம். ஒரே இடத்தை அடுத்தடுத்துத் தொடக் கூடாது. சுற்றி வந்து ஒவ்வொரு இடத்தையும் மூன்று முறை சோதித்து, இரண்டு முறையாவது பிழை வந்தால்தான் அது மொழி இடம்.

சர்ஜனிடம் சொல்ல வேண்டிய சொற்களை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'நின்னுது', 'பெயர் வரலை', 'ஒலி மாறுது', 'பொருள் மாறுது', 'குழறல்', 'திரும்பச் சொல்றார்', 'தாமதம்'. இந்த ஏழு போதும். அல்லது எண்ணாலேயே சொல்லுங்கள். விழித்திருப்பவர் காதில் விழுகிறது என்பதை மறக்க வேண்டாம். குடைக்கு 'கொடை' என்று வந்தால் அவர் வழக்கமான பேச்சா என்று தாளைப் பாருங்கள்; 'டுகை' என்று வந்தால் ஒலி மாற்றம்; 'மழை' என்று வந்தால் பொருள் மாற்றம்; முந்தைய படத்தின் பெயரே திரும்பி வந்தால் அதையும் சொல்லுங்கள். பேச்சு நிற்கும்போது உங்கள் கண் அவர் வாயில் இருக்கட்டும். உதடோ நாக்கோ ஒரு பக்கம் இழுத்தால் அது மொழி அல்ல, தசை இயக்கம்.

ஸ்கால்ப்பிளாக் — பதில்

மயக்க மருத்துவத் தரப்பிலிருந்து. சொல்லாடி மேடம், உங்கள் பரிசோதனையைக் கெடுக்கக்கூடிய காரணங்கள் பல எங்கள் கையில்தான் இருக்கின்றன, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோல், எலும்பின் மேலுறை, டியூரா (மூளையைச் சுற்றியுள்ள தடித்த உறை) இவைதான் வலிக்கும். அதனால் ஸ்கால்ப் பிளாக் (தலைத்தோல் நரம்புகளை ஊசியால் மரத்துப்போக வைப்பது) சரியாக இருந்தால்தான் நோயாளி பேச்சில் கவனம் வைப்பார். இரு பக்கமும் ஆறு நரம்புகள்: சுப்ராஆர்பிட்டல், சுப்ராட்ராக்ளியர், ஸைகோமேட்டிகோடெம்போரல், ஆரிகுலோடெம்போரல், கிரேட்டர் ஆக்சிபிடல், லெஸ்ஸர் ஆக்சிபிடல். தலையை அசையாமல் பிடிக்கும் மேஃபீல்டு கிளாம்ப்பின் மூன்று முனை இறங்கும் இடங்களுக்கும் வெட்டுக்கோட்டுக்கும் தனியாக ஊசி. மருந்தின் மொத்த அளவை முதலிலேயே கணக்கிட வேண்டும். பியூபிவகேன் கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்தால் 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 மி.கி.; 0.25 சதவீதத்தில் அது 48 மி.லி., 0.5 சதவீதத்தில் வெறும் 24 மி.லி. கிளாம்ப் முனை இடங்கள், டியூரா எல்லாம் இந்தக் கணக்குக்குள்ளேயே அடங்க வேண்டும். எபிநெஃப்ரின் 2,00,000க்கு 1 சேர்த்தால் தலைத்தோலிலிருந்து மருந்து ரத்தத்தில் ஏறும் வேகம் குறையும். டியூராவைத் திறக்கும்போது நடு மெனிஞ்சியல் தமனியின் இரு ஓரமும் லிக்னோகேன் போடச் சொல்லுங்கள். அந்த இடத்தில்தான் நோயாளி திடுக்கிடுவார்.

நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது: ஆரிகுலோடெம்போரல் ஊசி காதுக்கு முன்னால், ட்ரேகஸுக்கு (காதுத் துளைக்கு முன்னுள்ள சிறு மேடு) கீழே ஆழமாக இறங்கிவிட்டால் முக நரம்பும் மரத்துப்போகும். வாய் ஒரு பக்கம் தொங்கும், 'ப', 'ம' சரியாக வராது. சோதனையைத் தொடங்குமுன் பல்லைக் காட்டச் சொல்லி, கன்னத்தை உப்பச் சொல்லிப் பாருங்கள். இதைப் பார்க்காமல் விட்டால் அந்தக் குழறல் கார்டெக்ஸின் (மூளையின் மேற்பரப்பு) கணக்கில் ஏறிவிடும்.

மயக்க முறை இரண்டு. முதலில் புரோபோஃபால், ரெமிஃபென்டனில் கொடுத்துத் தூங்கவைத்து, டியூரா திறந்ததும் எழுப்பிச் சோதித்து, மூடும்போது மறுபடி தூங்கவைப்பது ஒன்று. தொடக்கத்திலிருந்தே லேசான தூக்க மருந்தோடு விழித்த நிலையிலேயே வைத்திருப்பது இன்னொன்று. இதற்கு டெக்ஸ்மெடிடொமிடின் மணிக்குக் கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மைக்ரோகிராம் வசதி, மூச்சை அவ்வளவாக அமுக்காது. எதுவானாலும் மிடசோலம் வேண்டாம். அது நினைவையும் வேகத்தையும் குறைக்கும், ஈகாகையும் (மூளை மேற்பரப்பில் நேரடியாக எடுக்கும் மின்பதிவு) மாற்றும். மருந்தை நிறுத்திக் கண் திறந்தவுடன் சோதனையைத் தொடங்கிவிடாதீர்கள். பெயர், இடம், கிழமை கேட்டு, தூண்டல் இல்லாமல் 10 படம் காட்டி, அத்தனைக்கும் பழைய வேகத்தில் பதில் வந்த பிறகுதான் சர்ஜனுக்குச் சரி சொல்ல வேண்டும். ஓரிரண்டு தவறினால் இன்னும் 10 நிமிடம் காத்திருப்பது மேல்.

இடது பக்க அறுவை என்பதால் வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருப்பார். தோளுக்குக் கீழும் இடுப்புக்குக் கீழும் திண்டு; அவரே 'இது வசதி' என்று சொன்ன நிலையில்தான் கிளாம்ப்பைப் பூட்டுவோம். திரைத்துணி முகத்திலிருந்து தள்ளித் தூக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து வாய் முழுதாகத் தெரிகிறதா என்று முதல் நாளே ஒத்திகை பாருங்கள். கண்ணாடி போடுகிறவரானால் கிளாம்ப்போடு அது பொருந்துமா என்பதையும். மூளை வீக்கத்தைக் குறைக்க மானிட்டால் கொடுத்தால் தாகமும் குமட்டலும் வரும். வாய் வறண்டால் உச்சரிப்பு மாறும். உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டே இருங்கள். நடுக்கம் வராமலிருக்க உடலைச் சூடாக வைப்போம்.

வலிப்பு. தூண்டலால் வருவதுதான் பெரும்பாலும். முகத்திலோ கையிலோ சிறு துடிப்பு, அல்லது தூண்டலை எடுத்த பிறகும் பதில் வராமல் வெறித்துப் பார்ப்பது. முதலில் கவனிக்கப்போவது நீங்கள்தான். 'வலிப்பு' என்று உடனே சொல்லுங்கள். சர்ஜன் முனையை எடுத்துவிட்டு ஐஸில் வைத்த ரிங்கர் லாக்டேட்டைக் கார்டெக்ஸ் மேல் ஊற்றுவார். அதிகமான வலிப்புகள் அதிலேயே அடங்கும். அந்தக் குளிர்ந்த திரவம் டியூரா திறக்கும் முன்பே மேசையில் தயாராக இருக்க வேண்டும். அடங்காவிட்டால் புரோபோஃபால் 10 முதல் 20 மி.கி. கொடுப்போம். அதன்பிறகு மறுபடி தூண்டல் இல்லாத 10 படம். வலிப்புக்குப் பிந்தைய மந்தத்தில் எடுத்த பதில் எதையும் வரைபடத்தில் சேர்க்க வேண்டாம். காலை வேளை வலிப்பு மருந்தான லெவெடிராசெட்டம் தவறவில்லை என்பதை நானும் பார்ப்பேன், நீங்களும் கேளுங்கள்.

அறுபதுஹெர்ட்ஸ் — பதில்

நான் அறுவை செய்யும் தரப்பு. எஃப்எம்ஆர்ஐ பற்றிக் கேட்டிருந்தீர்கள். திட்டமிட உதவும், வெட்ட உதவாது. பேசும்போது எங்கெங்கு ரத்த ஓட்டம் கூடுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. எதை எடுத்தால் பேச்சு போகும் என்பதை அல்ல. கட்டிக்கு அருகே ரத்த நாளங்களின் இயல்பு மாறியிருப்பதால், வேலை செய்யும் கார்டெக்ஸ்கூட அங்கே படத்தில் மங்கிவிடும். நரம்பிழைப் பாதைகளை ஸ்கேனில் வரைந்து காட்டும் டிராக்டோகிராஃபியும் அப்படித்தான். போதாததற்கு, டியூரா திறந்து திரவம் வடிந்ததும் மூளை இடம் நகர்கிறது. பழைய ஸ்கேனை வைத்து இடம் காட்டும் நேவிகேஷன் திரையில் தெரியும் புள்ளியும் உண்மையான இடமும் விலகிப்போகும். கட்டியை எடுக்க எடுக்க விலகல் கூடும்.

பேச்சின் இடம் என்று சொல்லப்படும் முன்மடலின் புரோக்கா பகுதியைப் பாடநூலில் பார்த்துப் பேச்சு அங்கே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2014இல் வெளியான, 165 நோயாளிகளின் தூண்டல் வரைபடத்தில் பேச்சு நின்ற இடங்கள் பெரிதும் திரண்டிருந்தது அதற்குப் பின்னால், வென்ட்ரல் பிரீமோட்டார் பகுதியில் (அசைவைத் திட்டமிடும் பகுதியின் கீழ்ப்பாகம்). அதனால்தான் அங்கிருந்தே தொடங்குகிறோம்: அவரை எண்ணச் சொல்லி, 1.5 அல்லது 2 மில்லி ஆம்பியரில் ஆரம்பித்து, 0.5 மில்லி ஆம்பியராகக் கூட்டி, எண்ணிக்கை எங்கே நிற்கிறதோ அந்த அளவை மற்ற இடங்களுக்கும் வைத்துக்கொள்வது.

கருவி: இருமுனைக் கோல், முனைகளுக்கு இடையே 5 மி.மீ.; 60 ஹெர்ட்ஸ்; பைஃபேசிக் (திசை மாறி மாறி ஓடும்) சதுர அலை, ஒரு ஃபேஸ் 0.5 முதல் 1 மில்லி விநாடி. விழித்த நிலையில் 6 மில்லி ஆம்பியருக்கு மேல் போவதில்லை. பக்கத்தில் ஒரு ஈகாக் ஸ்ட்ரிப் வைத்தால் ஆஃப்டர் டிஸ்சார்ஜ் (தூண்டல் நின்ற பிறகும் தொடரும் மூளை மின்னலை) தெரியும். தெரிந்தால் மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும். காரணம், அலை பரவினால் பிழை எந்த இடத்தினுடையது என்றே சொல்ல முடியாது. கார்டெக்ஸின் மேல் நீர் தேங்கியிருந்தாலும் மின்னோட்டம் சிதறும், பொய்யாக 'இல்லை' என்று வரும். ஒவ்வொரு முறையும் பஞ்சால் ஒற்றிவிட்டுத்தான் தொட வேண்டும்.

மேற்பரப்பு வரைபடம் முடிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நோயாளியைத் தூங்கவிடுவதுதான் பெரிய தவறு. இன்சுலாவில் ஆபத்து அடியில், வெள்ளைப் பொருளில், அதாவது நரம்பிழைப் பாதைகள் ஓடும் இடத்தில். சில மி.மீ. எடுப்பது, தூண்டுவது, மறுபடி எடுப்பது என்றுதான் போக வேண்டும், நீங்கள் படம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே உங்கள் பிழைச்சொல்தான் எனக்குத் திசை. பொருள் மாறினால் ஐஎஃப்ஓஎஃப் என்ற பாதையைத் தொட்டுவிட்டேன். ஒலி மாறினால் ஆர்குவேட் பாதை. குழறினால் மேல் நீளப் பாதையின் மூன்றாம் கிளை. சொல்லத் தொடங்கவே முடியாமல் திணறினால் ஃபிரன்டல் அஸ்லான்ட் பாதை. 'ஏதோ தப்பு' என்று மட்டும் சொன்னால் நிறுத்த முடியும், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது.

தூண்டலே இல்லாத நேரத்தில் பேச்சு மெல்ல மெல்ல மங்கினால் அதையும் உடனே சொல்லுங்கள். ஒரு நாளத்தை இழுத்துப் பிடித்திருக்கலாம், அல்லது லென்டிகுலோஸ்ட்ரயேட் நுண்தமனிகளை (மூளையின் ஆழத்துக்கு ரத்தம் தருபவை) நெருங்கியிருக்கலாம். பாதை முழுதாக இருந்தும் ரத்தம் நின்றதால் பேச்சு போவது இன்சுலாவில் நடக்கக்கூடியது. ரிட்ராக்டரை (மூளையை விலக்கிப் பிடிக்கும் கருவி) தளர்த்தி, நாளத்தை விரிக்கும் மருந்தான பாப்பவரின் தொட்ட பஞ்சை நாளத்தின் மேல் வைத்துக் காத்திருப்போம்.

இத்தனை சிரமம் தேவையா என்று நிர்வாகத்தில் யாராவது கேட்டால்: 2012இல் 8,091 நோயாளிகளின் தரவைத் தொகுத்த ஆய்வில், தூண்டலோடு அறுவை செய்தவர்களில் நிலைத்த கடுமையான குறை 3.4 சதவீதம், தூண்டல் இல்லாமல் செய்தவர்களில் 8.2 சதவீதம்.

சல்கஸ் — பதில்

மேலே சொன்னதோடு ஒன்று. எங்கேயும் பிழை வராவிட்டால் என்ன செய்வது என்பதில் இரண்டு வழி இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ குழு 2008இல் 250 பேரின் முடிவை வெளியிட்டது: 145 பேரிடம்தான், அதாவது 58 சதவீதம், ஒரு மொழி இடமாவது கிடைத்தது. மற்றவர்களில் 'இல்லை' என்ற பதிலை நம்பியே எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து மொழிக்குறை நிலைத்தது 1.6 சதவீதம். பிரான்ஸின் மான்பெலியேயில் அறுவை மருத்துவர் டுஃபோவின் வழி வேறு: பெரிதாகத் திறந்து, ஓர் இடமாவது 'ஆம்' என்று வந்தபிறகே 'இல்லை'யை நம்புவது. பழக்கம் குறைந்த குழுவுக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பு என்பேன். ஒரு 'ஆம்'கூட வராத தியேட்டரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்னோட்டத்தையும் கம்பி இணைப்பையும்.

எல்லை விடுவதிலும் அப்படியே. மொழி இடத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி நிறுத்துவது பழைய, பத்திரமான வழக்கம். இடைவெளி விடாமல் அந்த இடம் வரை போவதென்றால் கடைசி நிமிடம் வரை நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

சொல்லாடி_எஸ்எல்பி

எல்லோருக்கும் நன்றி. முன்சொல், முக நரம்பு இரண்டும் என் பட்டியலிலேயே இல்லை. இருமொழி பற்றி யாராவது சொல்ல முடியுமா? அறுவைக்கு மறுநாள் பேச்சு குறைந்தால் எதை எதிர்பார்த்தது என்று விடலாம், எதற்குப் பதறவேண்டும்?

பெயர்ச்சொல் — பதில்

இரண்டு மொழியிலும் சோதியுங்கள். 1978இலேயே ஆய்வாளர்கள் ஓஜ்மனும் விட்டேக்கரும் இருமொழி பேசும் இருவரிடம் தூண்டிப் பார்த்து, இரண்டு மொழிக்கும் பொதுவான இடங்களும் ஒன்றுக்கு மட்டுமேயான இடங்களும் இருப்பதைக் காட்டினார்கள். ஆக, தமிழில் பிழை வரவில்லை என்பதற்காக ஆங்கிலம் பத்திரம் என்று சொல்ல முடியாது.

நேரம்தான் கட்டுப்பாடு. நோயாளி நல்ல கவனத்தோடு ஒத்துழைப்பது ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு களைப்பே பிழையாக வரும். முழு மேற்பரப்பையும் தமிழில் முடியுங்கள். பிறகு வெட்டப்போகும் பகுதியிலும் அதன் ஓரங்களிலும் மட்டும் ஆங்கிலம். ஆங்கிலப் படங்களையும் தனியாக இரண்டு நாள் வடிகட்டியிருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு மொழி. 'இப்போ இங்கிலீஷ்ல' என்று சொல்லி, தூண்டல் இல்லாமல் ஐந்து படம் காட்டி மாற்றுங்கள். தூண்டலின்போது கேட்காமலேயே மொழி மாறுவதும் ஒரு பிழை வகை, குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் வடிகட்டும் நாளிலேயே தமிழ்ச் சுற்றில் 'சைக்கிள்', 'ஃபேன்' என்று சொன்னவர் தியேட்டரில் அப்படிச் சொன்னால் அது மொழி மாற்றம் அல்ல.

வாசிப்பு இந்தக் கட்டிக்கு முதன்மை அல்ல. டெம்போரல் மடலின் பின்பகுதியாக இருந்தால் இரண்டு எழுத்திலும் வாசிக்க வைத்தே ஆக வேண்டும்.

அறுபதுஹெர்ட்ஸ் — பதில்

மறுநாள் பற்றி. பாதைக்கு மிக அருகில் நிறுத்தியிருந்தால் பேச்சு குறைவது எதிர்பார்த்ததே. வீக்கம் 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், அதற்கேற்பப் பேச்சும் அதுவரை சரியலாம். பிறகு வாரக்கணக்கில் தேறும், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள். கட்டி மேலே எஸ்எம்ஏ (அசைவையும் பேச்சையும் தொடங்க உதவும் முன்மடல் பகுதி) வரை போயிருந்தால் சில நாள் வாய் திறக்காமலே இருப்பார், அதுவும் மீளும். இதைக் குடும்பத்தாரிடம் அறுவைக்கு முன்பே, எதிரில் உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும்.

பதற வேண்டியது இவற்றுக்கு: தியேட்டரில் கடைசியாக நன்றாகப் பேசியவர் வார்டில் சில மணி நேரத்தில் திடீரென்று பேச்சிழந்தால், கூடவே தூக்கக் கலக்கமோ வலது கை பலவீனமோ வந்தால், அடுத்த ரவுண்டு வரை காத்திருக்காமல் சிடி எடுக்க வேண்டும். ரத்தக் கட்டாக இருக்கலாம். பேச்சு வந்து வந்து போனால் வலிப்பாக இருக்கலாம், இஇஜி (தலைக்கு மேலிருந்து எடுக்கும் மூளை மின்பதிவு) கேளுங்கள். தொடக்கத்திலிருந்தே குறை இருந்து நகராமல் நின்றால், 72 மணி நேரத்துக்குள் எடுக்கும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ அடைப்பு இருக்கிறதா என்று காட்டும்.

இதையெல்லாம் பிரித்தறிய ஒரு தாள் வேண்டும், அதை நீங்கள்தான் எழுத முடியும்: மூடத் தொடங்கும்போது கடைசி 10 படத்தில் எத்தனை சரி, எந்த வகைப் பிழை, மணி என்ன. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே அதை ஒட்டிவிடுங்கள். இரவுப் பணி ரெசிடென்ட்டும் நர்ஸும் அதே 10 படத்தை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை காட்டி, கீழே வரிசையாக எழுதட்டும்.

ஸ்கால்ப்பிளாக் — பதில்

அந்தத் தாளில் கடைசியாகக் கொடுத்த தூக்க மருந்தின் பெயரையும் நேரத்தையும் நாங்கள் எழுதித் தருகிறோம். மூடும்போது மறுபடி தூங்க வைத்திருந்தால், முதல் ஒரு மணி நேரப் பதில்களை அதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.